ஆறாவது பி

நெடுங்குளம் நகராட்சி நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு பி பிரிவுக்குப் பாடம் நடத்துவதில்லை. அது ஒப்பீட்டுப் பிரிவு. நான்குவழிச் சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் பல்கலைக்கழகத்தில், கற்றலை மேம்படுத்த என்ன வழி என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஏ பிரிவுப் பிள்ளைகளுக்குப் புதுப்புது முறைகளில் சொல்லிக்கொடுத்து, எவ்வளவு மேம்பட்டார்கள் என்று பார்ப்பார்கள். மேம்பட்டார்களா என்று தெரிய வேண்டுமானால், மேம்படாத சிலர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதற்குத்தான் பி பிரிவு.

ஏ பிரிவுக்கு ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகள் வருவார்கள், அடுத்த ஆண்டு ஏழாவதுக்குப் போவார்கள். பி பிரிவை அப்படி மாற்ற முடியாது. அளக்கிற கோலை வருஷா வருஷம் மாற்றிக்கொண்டிருந்தால் அளவு என்ன ஆகும்? ஆகவே திட்டம் தொடங்கிய ஆண்டு பி பிரிவில் உட்கார்ந்தவர்களே இன்னமும் உட்கார்ந்திருந்தார்கள். சண்முகவடிவு மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம். அவளுக்கு வயது முப்பத்தைந்து.

அவள் ஐந்தாவது முடித்து வந்த ஜூனில்தான் முதல் குலுக்கல் நடந்தது. தலைமையாசிரியர் அறை வாசலில் ஒரு தூக்குவாளி நிறையச் சீட்டுகள். பிள்ளைகள் வரிசையாக நின்று ஆளுக்கொன்று எடுத்தார்கள். வடிவுக்குப் பின்னால் நின்ற வீரபுத்திரன், அவசரமாக ஒன்றுக்கு வருகிறது, முன்னால் விடு என்றான். விட்டாள். அவன் எடுத்த சீட்டில் ஏ இருந்தது. அதற்கடுத்து அவள் கைக்கு வந்த சீட்டில் பி. அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு தேர்வு வைத்தார்கள். வடிவுக்குக் காய்ச்சல். நூற்றுக்குப் பதினொன்று வாங்கினாள். அதுவே அவளுடைய அடிப்படை மதிப்பெண் என்று முடிவாயிற்று. பதினொன்றுக்கு மேலும் போகக் கூடாது, கீழும் வரக் கூடாது.

காலையில் ஒரு வருகைப் பதிவு, மதியம் ஒன்று. இடையில் பி பிரிவினர் வேலைக்குப் போய் வரலாம். வடிவு தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டினாள். கல்யாணத்துக்கு மூன்று நாள் விடுப்பு கேட்டு விண்ணப்பம் எழுதினாள். எழுத்துப் பிழைகளோடு எழுத வேண்டியிருந்தது. அதில் அப்பா பாதுகாவலர் என்று கையெழுத்துப் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த இடத்தில் கணவன் அய்யாத்துரை கையெழுத்துப் போட்டான். கர்ப்பமானபோது வயிறு இடித்தது என்று தச்சரைக் கூப்பிட்டு மேசையில் அரைவட்டமாக வெட்டிக் கொடுத்தார்கள். அரையாண்டு விடுமுறையில் கனிஷ்கா பிறந்தாள். விடுமுறை முடிந்ததும் வடிவு பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

பி பிரிவின் ஆசிரியை உமாசங்கரி. இருபத்தேழு வயது, தங்கப் பதக்கம் வாங்கியவர். சொல்லிக்கொடுக்காமல் இருப்பது அவருடைய வேலை. அதை ஒழுங்காகச் செய்தார். யாராவது எதையாவது கேட்டால், "அது உனக்கு வேண்டாம்மா, கையைக் கட்டு" என்பார். வகுப்பில் வடிவை நீ என்றும், சந்தையில் பார்த்தால் அக்கா என்றும் கூப்பிடுவார். வடிவு இரண்டு இடத்திலும் டீச்சர் என்றே சொன்னாள்.

இத்தனை காவலுக்கும் மீறிச் சில சமயம் யாராவது எதையாவது கற்றுக்கொண்டுவிடுவார்கள். அதற்குக் கசிவு என்று பெயர். முன் பெஞ்சு பால்பாண்டி லாரி ஓட்டப் போன இடத்தில் நம்பர் பலகைகளைப் பார்த்துப் பார்த்து ஆங்கில எழுத்துகளைப் பிடித்துவிட்டான். பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப் போய், ஒரு பழுப்புப் பாட்டிலின் வாயில் அவனைச் சொல்ல வைத்து, எல்லாவற்றையும் எடுத்து மூடிவிட்டார்கள். அதன் பிறகு அவன் தன் லாரி எதுவென்று தெரியாமல் வேறொருவர் லாரியை நாக்பூர் வரை ஓட்டிக்கொண்டு போனான். அந்த லாரிக்காரர் நல்ல மனுஷன். திரும்பி வரும் வரை பால்பாண்டியின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இந்த ஜூனில் கனிஷ்கா ஆறாவதுக்கு வந்தாள். பி பிரிவு நிறைந்திருந்ததால் அவளுக்கு ஏ. இடைவேளையில் அம்மாவும் மகளும் ஒரே குழாயில் தண்ணீர் குடித்தார்கள். மணி அடித்ததும் மகள் இந்தப் பக்கமும் அம்மா அந்தப் பக்கமுமாகப் போனார்கள்.

ஏ பிரிவுக்கு அந்த ஆண்டு வந்த முறைக்குச் சொல்லிக்கொடுத்துக் கற்றல் என்று பெயர். அன்றன்று படித்ததைப் பிள்ளை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் தேறினால்தான் பிள்ளைக்கு மதிப்பெண். அய்யாத்துரை மூன்றாம் ஷிப்டுக்குப் போய்விடுவான். வீட்டில் வேறு ஆள் இல்லை.

வடிவு முதல் நாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "நான் கேக்கக் கூடாதுடி. நான் பி."

கனிஷ்கா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதாள். "சுவரு தேறாதும்மா. எனக்கு முட்டைதான் போடுவாங்க."

வடிவு கையை எடுத்தாள்.

கனிஷ்கா தீப்பெட்டியைத் தட்டி, பதினேழு குச்சிகளை எண்ணித் தரையில் வைத்தாள். "அஞ்சு பேருக்குச் சமமாப் பிரி."

வடிவு பிரித்தாள். ஆளுக்கு மூன்று. "ரெண்டு கிடக்கே. இது யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. அது மீதி."

"யாருக்கும் இல்லாம எப்படிக் கிடக்கும்? யாரோ ஒருத்தருக்குக் கெடைக்காமப் போனதுதானே?"

"அம்மா, குறுக்கக் கேக்காத. மீதின்னா மீதிதான். ஓரமா எழுதணும்."

ஒரு வாரத்தில் வடிவு எதையும் எதாலும் வகுத்தாள். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் கட்டுகளை வேலைக்கு வந்த பெண்களால் வகுத்தாள். படிக்கட்டுகளைத் தன் மூச்சு வாங்கல்களால் வகுத்தாள். பேருந்தில் இருக்கைகளைப் பார்த்தால் நிற்கிறவர்கள் மீதியாகத் தெரிந்தார்கள். இருபத்து நான்கு வருஷம் மூடிக் கிடந்த ஒரு ஜன்னலை யாரோ தள்ளிவிட்டது போல முகத்தில் காற்று அடித்தது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மார்ச்சில் ஆண்டுத் தேர்வு வந்தது. பி பிரிவுக்கு எப்போதும் அதே முதல் நாள் வினாத்தாள். ஏழாவது கேள்வி: எண்பத்து நான்கை ஆறால் வகு. கை தானாகவே பதினான்கு என்று எழுதப் போயிற்று. வடிவு சுதாரித்துக்கொண்டு, தப்பாக எழுத வேண்டுமே என்று பதினைந்து என்று எழுதி வைத்தாள்.

மறு வாரம் திட்ட இயக்குநர் நேரில் வந்தார். திட்ட இயக்குநர் வேறு யாருமில்லை, வீரபுத்திரன்தான். ஏ பிரிவில் படித்து, மேலே மேலே போய், ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் இருக்கும் வேறுபாட்டைப் பற்றியே டாக்டர் பட்டம் வாங்கி, அந்தத் திட்டத்துக்கே தலைமைக்கு வந்தவர். உமாசங்கரி டீச்சர் தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீயும் இரண்டு பிஸ்கட்டும் வந்தன. ஒன்றை வீரபுத்திரன் வடிவின் பக்கம் நகர்த்தினார்.

"வடிவு, நல்லாருக்கியா?"

"இருக்கேன். அதே பெஞ்சுலதான் இருக்கேன்."

அவர் விடைத்தாளை எடுத்து ஏழாவது கேள்வியின் மேல் விரலை வைத்தார். "இது உன் தப்பு இல்லையே."

"என் தப்பு இல்லைன்னா எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"உன்னோட தப்பு எண்ணூத்தி நாப்பத்தாறு. எண்பத்து நாலையும் ஆறையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதுவ. வருஷா வருஷம் அதைத்தான் எழுதுன. இது பதினஞ்சு. விடைக்குப் பக்கத்துல வந்துட்டு விலகிப் போயிருக்க. தெரிஞ்சவங்க செய்ற தப்பு இது."

வடிவு மறைக்கவில்லை. "எம்பொண்ணு சொல்லிக்குடுத்தா. நீங்கதானே சொல்லிக்குடுக்கச் சொன்னீங்க."

"சொன்னோம். யாருக்குச் சொல்லிக்குடுக்கலாம், யாருக்குக் கூடாதுன்னு சொல்லாம விட்டது எங்க குறை. அடுத்த கட்டுரையில அதை ஒத்துக்குவோம்." அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "ஆனா கசிவு உங்கிட்டதானே இருக்கு."

வழி இரண்டு இருந்தது. ஒன்று, கசிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே பெஞ்சில் தொடர்வது. அல்லது, கசிவை வைத்துக்கொண்டு பி பிரிவை விட்டுப் போய்விடுவது. அப்படிப் போனால் அவள் இடம் காலியாகும். காலியான இடத்துக்கு வாரிசைத்தான் எடுப்பார்கள். வாரிசு கனிஷ்காதான், அவளுக்கு இன்னும் ஆறாவது படிக்கிற வயது.

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டாள் வடிவு.

"பொருட்படுத்தத்தக்க வேறுபாடு வர்ற வரைக்கும்."

"இருவத்தி நாலு வருஷமா வரலையா?"

"வரல. ஏ பிரிவுக்கு என்ன செஞ்சாலும் ரெண்டும் ஒண்ணாத்தான் வருது. பாட்டா பாடிப் பாத்தோம், தரையில புரள விட்டுப் பாத்தோம், கையில கணினி குடுத்துப் பாத்தோம். அசையல. அதனாலதான் உங்களை விட முடியல." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நீங்கெல்லாம் இல்லேன்னா நாங்க இல்ல வடிவு. எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் முதல்ல இதைத்தான் சொல்வேன்."

"எங்களை ஒரு தடவ கூட்டிட்டுப் போயிருக்கலாமே."

"போனா கசிஞ்சிரும்."

வடிவு பிஸ்கட்டைத் தொடவில்லை.

வீட்டில் அய்யாத்துரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குடுத்துரு" என்றான். "வகுத்து நீ என்ன பண்ணப் போற? இத்தன நாளு வகுக்காமத்தானே இருந்த. நல்லாத்தானே இருந்த." சொல்லிவிட்டு ஒப்புதல் தாளில் பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். வடிவு அந்தத் தாளை நாலாக மடித்தாள். அவன் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

கனிஷ்கா அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு யோசித்தாள். "அம்மா, நீ குடுக்காத. நான் பி-க்கு வந்துடுறேன். உன் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்."

"பக்கத்துல இல்லடி. என் எடத்துல உக்காருவ. நான் இருக்க மாட்டேன். அந்த மேசையில அரைவட்டமா வெட்டி வச்சிருக்காங்க பாரு, அதுகூட உனக்குத் தயாரா இருக்கு."

வடிவு பிள்ளையின் முடியைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை வருகைப் பதிவு முடிந்ததும் சாலையைக் கடந்து பல்கலைக்கழகத்துக்குப் போனாள். கசிவை எடுக்கிற அறை கல்வியியல் துறையின் பின்பக்கம் இருந்தது. சுவர் நெடுக அலமாரி. பி பிரிவிலிருந்து எடுத்தவை பழுப்புப் பாட்டில்களில் நின்றன. பால்பாண்டியின் ஆங்கில எழுத்துகள், யாரோ ஒருத்தி டிவி பார்த்துக் கற்ற இந்தி, இன்னொருவனுக்குத் தானாகவே புரிந்துபோன நிலா வளர்வதும் தேய்வதும். ஓர் ஆய்வு மாணவி காலிப் பாட்டில்களைத் துடைத்து வரிசையாக அடுக்கினாள். வீரபுத்திரன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"புனலுக்கு நேரா வாயை வச்சுக்கோ. முதல் நாள்ல இருந்து உள்ள போனது எல்லாம் போன வரிசையிலயே வரும். வகுத்தல் கடைசியாப் போனது, அதனால கடைசியில வரும். பெரும்பாலும் உங்க ஆளுங்களுக்கு அதுக்கு முன்னால ஒண்ணும் இருக்காது. பத்து நிமிஷ வேலை."

"பாடம் மட்டுமா எடுப்பீங்க, எல்லாமுமா?"

"முதல் நாள் வாசலுக்கு வந்தப்ப உங்கிட்ட இல்லாத எல்லாமும். விதி அதுதான்."

"விதின்னா சரி" என்று சொல்லி வடிவு புனலுக்குக் குனிந்தாள்.

முதலில் வந்தது இது: "ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லி வீரபுத்திரன் என்னை முந்திக்கிட்டான். அது என் சீட்டு."

பாட்டில் நிறைந்துவிட்டது. ஆய்வு மாணவி மூடியைத் திருகப் போய்க் கையை உதறினாள். கண்ணாடி அப்படிச் சுட்டது. ஒரு துணியைச் சுற்றிப் பிடித்து மூடி, கோபம், எண் ஒன்று என்று எழுதி ஒட்டினாள்.

வீரபுத்திரன் ஒட்டுத்தாளைப் படித்துவிட்டு, "அன்னைக்கு நெசமாவே வந்துச்சு வடிவு" என்றார்.

"சீட்டை எடுத்துட்டு நீங்க கக்கூசுப் பக்கம் போகலியே. நேரா ஏ பிரிவுக்குத்தானே ஓடுனீங்க." அதற்கு இன்னொரு பாட்டில் ஆயிற்று.

பிறகு நிற்கவில்லை. சித்தி மகள் ஏழாவது புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டு வந்து காட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏ பிரிவு பெருக்கல் வாய்பாட்டைப் பாட்டாகப் பாடியபோது, ராகம் மட்டும் பிடித்து முணுமுணுத்ததற்காகக் காதில் பஞ்சு வைத்தது. அடுத்த மாதமே அந்தச் சுவரை இன்னும் ஒரு முழம் கனமாகக் கட்டியது. அதற்குச் செங்கல் சுமக்க பி பிரிவையே கூப்பிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, இதோ எங்கள் பி என்று காட்டியது. அவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வடிவின் கன்னத்தைத் தொட்டு, எவ்வளவு தூய்மையாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டியது. அதை நெடுநாள் வரை யாரும் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லாதது. கேட்டதற்கு, சொன்னால் கசியும் என்றது. பெண் பார்க்க வந்தவர்கள் என்ன படிக்கிறாய் என்று கேட்டபோது, ஆறாவது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. குனிந்த தலையை அடக்கம் என்று அவர்கள் மெச்சியது.

மதியத்துக்குள் பாட்டில்கள் தீர்ந்தன. வேதியியல் துறையிலிருந்து குடுவைகள் வந்தன. பிறகு விடுதிச் சமையல்கூடத்து அண்டாக்கள். பிறகு தண்ணீர் கேன்கள். துணைவேந்தர் அறைப் பூச்சாடியைக்கூடக் கவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். அறை அடுப்படி போலக் காந்தியது. ஆய்வு மாணவி துப்பட்டாவை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஒட்டுத்தாள் எழுதினாள். நாலு மணிக்கு மேல் அவள் கோபம் என்று எழுதுவதை விட்டுவிட்டு ஒரு கோடு மட்டும் போட்டாள்.

வீரபுத்திரனின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. "இன்னும் எவ்வளவு இருக்கு?"

வடிவு நிமிர்ந்தாள். "எட்டாவது வருஷத்துல இருக்கேன். கல்யாணம்கூட இன்னும் ஆகல. பிள்ளை பொறக்கணும், மேசையை வெட்டணும். அதுக்கெல்லாம் அப்புறந்தான் வகுத்தல் வரும்."

"கொஞ்சம் தாண்டி வர முடியாதா?"

"வரிசையாத்தான் வரும்னு நீங்கதானே சொன்னீங்க. முந்த விடக் கூடாது."

அவர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். இனிமேல் ஊற்ற வளாகத்தில் பாத்திரம் இல்லை. எடுத்தல் முடியவில்லை, அடுத்த நிதியாண்டில் தொடரும் என்று எழுதிக் கொடுத்தார். எடுத்து முடிக்கும் வரை அவள் பி பிரிவில் இருக்கிறாள் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆகவே வாரிசுக் கேள்வி எழவில்லை.

திரும்பி வரும்போது வடிவு சாலையின் நடுத்தடுப்பில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே எட்டு வருஷத்துக்கு வெறும் குளுமை. எதற்காகவோ இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது நினைவிருந்தது. எதற்கு என்பது இல்லை. இரண்டு பக்கமும் லாரிகள் போயின. வகுத்தலைக் காப்பாற்றப் போய், இத்தனை வருஷத்தில் தானாகக் கற்றுக்கொண்டது கோபம் ஒன்றுதான், அதை அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தோமே என்று பயந்துபோனாள். வகுத்தல் இருந்தது. ஆனால் எதை வகுப்பது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்க வைத்த சூடு ஆறிவிட்டிருந்தது.

வீட்டுக்குப் போய், அடுத்த நிதியாண்டில் தொடரும் என்று எழுதிக் கொடுத்த சீட்டைப் பற்றிச் சொன்னாள். அய்யாத்துரை வாசலில் நின்று கையை நீட்டினான். "சீட்டைக் குடு. அடுத்த வருஷத்துக்கும் இப்பவே ஒரு கையெழுத்துப் போட்டு வச்சிருவோம். நீ நாளைக்குத் தொலைச்சுப்புடுவ."

இறைத்த கிணறு ஊறும் என்பார்கள். வடிவு அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி எடுத்தாள். பாதுகாவலர் என்று இருந்த இடத்தில் தன் பெயரையே எழுதினாள். சண்முகவடிவு என்று, ஒரு எழுத்தும் பிழையில்லாமல். அய்யாத்துரை அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ணு சரியாப் போட்டிருக்கியே" என்றான். "ணு இல்ல, ண்" என்றாள். பழைய சூடும் அது எதற்கென்ற நினைவும் ஊறி வந்து தொண்டை வரைக்கும் சுட்டது. நிம்மதியாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் அந்தப் பாட்டில்களைச் சும்மா வைத்திருக்கவில்லை. சூட்டை அளந்தார்கள். புதுப் பாட்டில்கள் வாங்கி, பி பிரிவின் மற்றவர்களையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் அதே கொதி. பால்பாண்டியுடையது மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஏ பிரிவில் எடுத்த பாட்டில்கள் குளிர்ந்து, வெளியே நீர் கோத்திருந்தன.

ஒரு திங்கட்கிழமை காலை வீரபுத்திரன் பி பிரிவுக்குள் வந்து கரும்பலகையின் முன் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "வேறுபாடு வந்துருச்சு" என்றார். "இத்தனை வருஷத்துல முதல் தடவையா, பொருட்படுத்தத்தக்க வேறுபாடு. பி பிரிவோட கோபம் ஏ பிரிவைவிட மிக அதிகம்."

யாரும் கைதட்டவில்லை. உமாசங்கரி டீச்சர் மட்டும் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்திக்கொண்டார்.

திட்டம் வெற்றி. ஆகவே பி பிரிவை விடுவிக்கலாம். புதன்கிழமையிலிருந்து அவர்கள் ஏழாவது. ஆனால் ஏ பிரிவு பின்தங்கியிருப்பது தெரிந்துவிட்டதால் அதை மேம்படுத்தியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை தொடங்கி, தினமும் காலை வணக்கத்துக்குப் பிறகு ஏ பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி கோபம் புகட்டப்படும். மேம்பாட்டை அளக்க வேண்டுமே, அதற்காக வருகிற ஜூனில் ஒரு புது பி பிரிவு எடுப்பார்கள். தூக்குவாளியை ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

வடிவு பெஞ்சிலிருந்து எழுந்தாள். அரைவட்டம் வெட்டிய மேசை அவளோடு கொஞ்சம் நகர்ந்தது. "எம்பொண்ணுக்கு யாரோடதைக் குடுக்கப் போறீங்க?"

"உன்னோடதைத்தான். இருக்கிறதுலயே உன்னோடதுதான் சுத்தம்."

"ஜூன்ல புதுசா வர்ற பிள்ளைங்கள எத்தன வருஷம் வச்சிருப்பீங்க?"

"அதை இப்பவே எப்படிச் சொல்ல முடியும்? அதைக் கண்டுபிடிக்கத்தானே ஆராய்ச்சி."

வடிவு அவரையே பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எம்பொண்ணுக்கு நானேதான் ஊத்துவேன்" என்றாள். அதற்கு விதியில் தடை ஏதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஏ பிரிவு மைதானத்தில் வரிசையாக நின்றது. ஆளுக்கொரு டம்ளர். ஆய்வு மாணவி துணியைச் சுற்றிப் பாட்டில்களை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். வடிவு ஒட்டுத்தாள்களைப் படித்துப் பார்த்து, முதல் பாட்டிலைத் தேடி எடுத்தாள். கனிஷ்காவின் டம்ளரில் ஒரு கரண்டி ஊற்றினாள். ஆவி பறந்தது. அவளுக்கு ஒரு நொடி கை நின்றது. பதினொரு வயசுப் பிள்ளை. பிறகு, தனக்கும் அன்றைக்குப் பதினொரு வயசுதான் என்று நினைத்துக்கொண்டாள். ஓரமாக இன்னும் அரைக் கரண்டி ஊற்றினாள்.

கனிஷ்கா குடித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"கசக்குதா?"

"இல்ல. காந்துது."

"துப்பாத. முழுங்கு."

முழுங்கினாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். "அம்மா, அந்தச் சாரு கக்கூசுக்குப் போகவே இல்லையா?"

"போகல."

"நேரா ஏ பிரிவுக்கா ஓடுனாரு?"

"நேரா."

கனிஷ்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். மற்றவர்களும் குடித்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அன்றைக்கு ஏ பிரிவு எந்தப் பாட்டையும் பாடவில்லை. மதியம் அளவெடுக்க வந்த ஆய்வு மாணவி வாசலிலேயே நின்றுவிட்டு, உள்ளே போகாமல், பிள்ளைகள் மிச்சம் வைத்த ஒரு டம்ளரைத் தானும் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

புதன்கிழமை காலை வடிவு தலையைப் பின்னி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தன் ஏழாம் வகுப்புக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூடம் ராத்திரியே கோபித்துக்கொண்டு திரும்பி நின்றுகொண்டிருந்தது. சாலைப் பக்கம், பல்கலைக்கழகத்தைப் பார்த்த பக்கம், ஜன்னல் இல்லாத முதுகுச் சுவர் மட்டும் இருந்தது. அதன் முன்னால் வீரபுத்திரன் தூக்குவாளியோடு நின்று, வாசல் எங்கே என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வடிவும் கனிஷ்காவும் பின்னாலிருந்த கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்க வாசலில் நுழைந்தார்கள். உமாசங்கரி டீச்சர் வாசலில் நின்று, "சீக்கிரம் வாங்கக்கா, முதல் பாடம் ஆரம்பிச்சாச்சு" என்றார்.